சகலையின் விசிறி விமானம்

1. என் இடத்தில் அவன் விமானம்

பத்து வருஷத்துக்கு மேல் என் ஜெட் நின்ற இடத்தில் ஒருநாள் காலை சகலையின் விமானம் வந்து நின்றது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கோலார் தங்கவயல்காரன். பெங்களூர் விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். வந்து இறங்கும் விமானத்தைச் சுற்றிவந்து டயர், பிரேக், எண்ணெய், விளக்கு எல்லாம் பார்த்து, எஞ்சினியர் கையெழுத்துப் போட்டபின் வழியனுப்பி வைப்பது என் வேலை. நான் ஜெட் பிரிவு. என் மனைவி யசோதாவின் அக்கா புருஷன் கௌதமன் டர்போப்ராப் பிரிவு. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது, ஒரே கம்பெனி. ஒரே வீட்டில் பெண் எடுத்தோம். இப்படி எல்லாம் ஒன்றாக இருந்தால் பொறாமை வராமல் வேறு என்ன வரும்?

டர்போப்ராப் என்பதும் உள்ளே ஒரு ஜெட் எஞ்சின்தான். ஆனால் அந்த எஞ்சின் தன் சக்தியை வெளியே இருக்கும் விசிறியைச் சுற்றுவதற்குக் கொடுக்கிறது. எழுபது சொச்சம் சீட். குட்டைக் கால், இறக்கை மேலே, கதவு பின்னால். பக்கத்தில் ஜெட் நின்றால் எருமைக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி நிற்பது மாதிரி இருக்கும். வீட்டு விசேஷங்களில் யாராவது எங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால் நான் முந்திக்கொண்டு, "நான் பிளேன் பார்க்குறேன், சகல ஃபேன் ரிப்பேர் பண்றாரு" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். கௌதமனும் சிரிப்பான். அவன் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. கோபித்துக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் காலையில் என் ஜெட்டைத் தூரத்துப் பார்க்கிங்குக்குத் தள்ளிவிட்டு, பயணிகள் நடந்தே வந்து ஏறும் கிட்டத்து இடத்தை அவன் விமானத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். காதில் ஹெட்செட்டோடு விமானத்தின் மூக்குப் பக்கம் நின்றுகொண்டு கௌதமன் எனக்குக் கை காட்டினான். நானும் காட்டினேன். பிறகு என் ஜெட்டைத் தேடித் தூரத்துப் பார்க்கிங்குக்கு நடந்தேன்.

2. ராவ் சார் சொன்ன நியாயம்

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி குல்பர்காவுக்கு ஜெட் விட்டுக்கொண்டிருந்தது. அந்த லைனுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போவதாகப் பேச்சு. ஜெட்டே ஓடினால் சீனியர் என்ற முறையில் அந்த நாற்காலி எனக்கு. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. இன்சார்ஜ் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை. பெரிய ஆசை இல்லைதான், ஆனால் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

ஆபரேஷன்ஸ் மேனேஜர் ராவ் சார் மைசூர்க்காரர். கறாரான மனுஷர். கன்னடம் கலந்த தமிழில் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கொஞ்ச நாள் டர்போப்ராப் விட்டுப் பார்க்கப்போகிறோம், நேரத்துக்குக் கிளம்புகிறதா, செலவு எப்படி என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். ஜெட்டுக்கு என்ன குறை சார் என்று நான் கேட்டேன்.

"குறை ஏனு இல்லப்பா. குல்பர்காக்கு ஜெட் மேல ஏறி முடிக்கறதுக்குள்ள இறங்கணும். ஏறுறதுக்குத்தானே அது எண்ணெய் குடிக்குது? சீட்டும் பாதி காலி. பக்கத்து ஊருக்கு நாலு மூட்டை கொண்டுபோக யாராவது லாரி எடுப்பாங்களா?"

 ஜெட் உயரத்தில் நீண்ட தூரம் ஓடினால்தான் அதற்கு லாபம். குட்டி தூரத்துக்கு விசிறி விமானம் குறைந்த எண்ணெயில் போய்விடும். பத்து இருபது நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான். எடை குறைவு என்பதால் டயரும் பிரேக்கும் அவ்வளவு தேயாது. சின்ன விமானத்துக்கு இறங்கும் கட்டணத்திலும் சலுகை உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த நியாயம் எதிராளி பக்கம் இருந்தால் அது இன்னும் எரியும்.

டர்போப்ராப் ஜெயித்தால் இன்சார்ஜ் கௌதமன். இதை ராவ் சார் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

3. கண்ணில் விளக்கெண்ணெய்

அன்றிலிருந்து என் ஜெட்டுக்கு வேலை முடிந்ததும் நான் டீ குடிக்கப் போவதை நிறுத்தினேன். கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, சகலை எங்கே தவறுவான் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த விமானத்தில் தவறுவதற்கு நிறைய இடம் உண்டு. பின்பக்கம் கனத்தால் வால் தரையில் குந்திவிடும். அதனால் நின்றதும் வாலுக்கு அடியில் டெயில் ஸ்டாண்ட் என்ற முட்டுக்கட்டையைக் கொடுக்கவேண்டும். முன்பக்கச் சாமான் அறையைத்தான் முதலில் நிரப்பவேண்டும். கிளம்பும்முன் முட்டுக்கட்டையை மறக்காமல் எடுக்கவேண்டும். எஞ்சின் நின்று ராத்தங்கல் என்றால் விசிறியைக் காற்றில் சுற்றாமல் பட்டை போட்டுக் கட்டவேண்டும், காலையில் அவிழ்க்கவேண்டும். ஜெட்டில் ஆபத்து எஞ்சினின் வாய்ப்பக்கம், உறிஞ்சிவிடும். இதில் ஆபத்து விசிறி சுற்றும் வட்டம். சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு வசதியும் அதில் உண்டு. வலது எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைக்கலாம். ஹோட்டல் மோட் என்பார்கள். வெளியிலிருந்து மின்சார வண்டி வராத ஊரிலும் உள்ளே விளக்கும் ஏசியும் கிடைக்கும். ஆனால் அது ஓடும்வரை கீழே நின்று கேப்டனோடு பேசும் ஹெட்செட்காரன் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது.

கௌதமன் நகரவில்லை. முட்டுக்கட்டையை மறக்கவில்லை. பட்டையை மறக்கவில்லை. ஒவ்வொரு வேலையையும் விரலால் தொட்டு, உதடு அசைய வாயில் சொல்லிக்கொண்டே செய்தான். வெயிலில் செய்தான், மழையில் செய்தான். சளி பிடித்துத் தும்மிக்கொண்டும் செய்தான். வாரக்கணக்கில் நான் காத்திருந்தும் ஒரு தப்பு கிடைக்கவில்லை. தப்பு செய்யாதவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

4. அத்தையின் பயணம்

எங்கள் மாமியார் தங்கவயல் மாரிகுப்பத்தில் எங்களோடு இருந்தார். மாமனார் சுரங்கத்தில் பேங்ஸ்மேனாக இருந்தவர். சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாயில் நின்று, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி, கதவு போட்டு, பெல் அடித்து இறக்குகிறவர்தான் பேங்ஸ்மேன். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அத்தைக்குக் குல்பர்காவில் இருக்கும் பெரிய பௌத்த விகாரையைப் பார்க்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. எங்கள் குடும்பங்கள் எல்லாம் சுரங்கக் காலத்திலேயே பௌத்தம் தழுவியவை. ராத்திரி பூரா ரயிலில் உட்கார அத்தையின் முதுகு ஒத்துவராது.

கௌதமன் தன் ஸ்டாஃப் பாஸில் அத்தைக்கும் தன் மனைவிக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். கேள்விப்பட்டதும் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து இருபது பேர் போல, டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று சொந்தக் காசில் சேர்ந்துகொண்டார்கள். யசோதாவும் கிளம்பினாள். உனக்கு என் பாஸ் இருக்கிறதே என்று கேட்டேன். அவள் புடவை மடித்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்.

"உங்க பிளேனு தில்லி போவுது, கல்கத்தா போவுது. நாம போற ஊருக்கு எதுக்காச்சும் போவுதா?"

இத்தனை வருஷத்தில் என் ஜெட்டை யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, விகாரை என்று எங்கள் சனம் போகும் ஊர்களில் குல்பர்கா ஒன்றுக்குத்தான் என் விமானம் போய்க்கொண்டிருந்தது, இப்போது அதுவும் இல்லை. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் என்று சும்மாவா சொன்னார்கள்?  

5. துண்டு போட்ட சீட்டுகள்

கிளம்பும் நாளில் ராவ் சார் தானே வந்து நின்றார். சோதனை ஓட்டத்தின் கடைசி வாரம் அது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என் ஜெட்டை அனுப்பிவிட்டு வழக்கம்போலத் தள்ளி நின்றேன். என் சனம் வரிசையாக நடந்துபோய்ப் பின்கதவு வழியாக ஏறியது. அத்தை படியில் நின்று எனக்குக் கை காட்டினார். கௌதமனுக்கு இரண்டு முறை காட்டினார்.

ஏறி முடிந்து வெகு நேரமாகியும் கதவைச் சாத்தவில்லை. ஏர்ஹோஸ்டஸ் பெண் கதவுக்கும் காக்பிட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கீழே ஹெட்செட்டில் கேப்டன் ஏதோ சொல்ல, கௌதமன் முகம் வெளுத்தது. நான் ராவ் சார் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வாக்கிடாக்கியில் விஷயம் கேட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிகாலை ரயில்தான் வாழ்க்கை. மாரிகுப்பத்தில் ஏறுகிறவன் கைக்குட்டை, துண்டு, பேப்பர் என்று கையில் இருப்பதைப் போட்டு, பின்னால் ஏறப்போகிற தன் செட்டுக்குச் சீட் பிடித்து வைப்பான். துண்டு விழுந்த சீட்டில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள், அது ஊர்ச் சட்டம். அதையே இங்கேயும் செய்துவிட்டார்கள். பின்கதவு வழியாக ஏறியதும் கண்ணில் பட்ட கடைசி வரிசைகளில் அத்தை உட்கார்ந்து, சுற்றியுள்ள சீட்டுகளில் துண்டும் மஞ்சள் பையும் போட்டுவிட்டார். இருபது பேரும் பின்னாலேயே குவிந்துவிட்டார்கள். முன்னால் அவர்களுக்கென்று கொடுத்திருந்த சீட்டெல்லாம் காலி.

சின்ன விமானத்தில் இது விளையாட்டில்லை. யார் எந்தப் பகுதியில் உட்கார்கிறார்கள் என்பதை வைத்துத்தான் எடையைச் சமன் பார்க்கிறார்கள். வால் கனத்தால் கேப்டன் எடுக்கமாட்டார், எடுக்கவும் கூடாது. அந்தப் பெண் கன்னடத்தில் சொன்னாள், இங்கிலீஷில் சொன்னாள். எங்கள் சனத்துக்கு இரண்டு பாஷையும் நன்றாகவே புரியும். புரிந்தாலும் துண்டு போட்ட சீட்டை விட்டு எழுந்திருக்க மனசு வரவேண்டுமே.

ராவ் சார் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் லேட். குடும்பத்தைக்கூட உட்காரவைக்க முடியாத விமானம் என்று பேர் வாங்கிவிடும். நாற்காலி என் பக்கம் நகர்ந்து வருவது எனக்கே தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

கௌதமனால் நகர முடியாது. வலது எஞ்சின் ஹோட்டல் மோடில் ஓடிக்கொண்டிருந்தது, அவன் ஹெட்செட்டில் இருந்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் போயிருக்கமாட்டேன்.

படியேறி உள்ளே போனேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு விமானம் கோணலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என் உடம்பு பழகவில்லை, அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

உள்ளே எல்லோரும் பொங்கல் வைக்கப்போகிறவர்கள் மாதிரி குதூகலமாக இருந்தார்கள். அத்தையிடம் முன்னால் போய் உட்காரும்படி சொன்னேன்.

"இன்னா மாப்ள, நீங்களுமா?" என்றார் அத்தை. "சீட்டு காலியாத்தானே கீது? ஒண்ணா உக்காந்து பேசிகினு போறோம். யாருக்கு இன்னா நஷ்டம்?"

எடை, பகுதி, கணக்கு என்று நான் ஆரம்பிக்க, யசோதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சகலை பிளேன் என்பதால்தானே வந்து தொல்லை பண்ணுகிறாய் என்ற பார்வை. அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"அத்த, மாமா பேங்ஸ்மேனா இருந்தாரே, கேஜ்ல எல்லாரையும் ஒரே பக்கமா நிக்க வுட்டு என்னிக்காச்சும் பெல் அடிச்சிருப்பாரா?"

 அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரின் அப்பன் மாமன் எல்லாம் மாமனாரின் கையால் கேஜில் ஏறி இறங்கியவர்கள். அவர் பரவி நிற்கச் சொன்னால் ஷிஃப்ட் அதிகாரிகூட நகர்ந்து நிற்பார் என்பது ஊரறிந்த சேதி.  அத்தை மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எழுந்திருங்கடி. அவங்கவங்க சீட்டுக்குப் போங்க. துண்ட எடு."

அவ்வளவுதான். மூச்சு விடும் நேரத்தில் எல்லோரும் கலைந்து உட்கார்ந்தார்கள். நான் இறங்கினேன், கதவைச் சாத்தினார்கள். கௌதமன் முட்டுக்கட்டையை எடுத்துக் காட்டி, விலகி நின்று கையை உயர்த்தினான். இரண்டு விசிறிகளும் சுற்றிக் கண்ணுக்கு மறைந்தன. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. ராவ் சார் கடிகாரத்தை விட்டுவிட்டு என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

6. வாய்மொழித் தேர்வு

அத்தை திரும்பிவந்து ஒரு மாதம் அதே பேச்சாக இருந்தார். இறக்கை மேலே இருப்பதால் சன்னல் வழியாக ஏரி, வயல், ஆறு எல்லாம் தெரிந்ததாம். மேகத்துக்கு மேலே போய் ஒன்றும் தெரியாமல் பண்ணவில்லையாம். பெரிய மாப்பிள்ளை பிளேன், பெரிய மாப்பிள்ளை பிளேன் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேஜ் பேச்சை எடுத்தவன் சின்ன மாப்பிள்ளை என்பது அந்தக் கதையில் வரவேயில்லை.

கம்பெனி குல்பர்காவுக்கு டர்போப்ராப்பே என்று முடிவு செய்தது. அதோடு நிற்கவில்லை. ஹூப்ளி முதலான மற்ற கிட்டத்து ஊர்களுக்கும் ஒவ்வொன்றாக ஜெட்டை நிறுத்தி விசிறியை விட்டார்கள். இன்சார்ஜ் பேட்ஜை ராவ் சார் கௌதமன் சட்டையில் குத்தியபோது நானும் கை தட்டினேன். யாரைவிடவும் சத்தமாகத் தட்டினேன், யாரும் சந்தேகப்படக்கூடாதே.

ஜெட்டில் ஆள் அதிகமானதால் எங்களில் சிலரை விசிறிப் பக்கம் மாற்றினார்கள். பயிற்சி வகுப்பு முடிந்து கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். வயசான காலத்தில் ஸ்டோரில் திருகாணி எண்ணிக்கொண்டு ஓய்வு பெறுவதா என்று பயந்துகொண்டுதான் உள்ளே போனேன்.

தேர்வு எடுத்தவர் கேட்கக் கேட்க என் வாயிலிருந்து பதில் கொட்டியது. முட்டு எப்போது, முன்னறை எப்போது, பட்டை எப்போது, ஹெட்செட்காரன் எங்கே நிற்கவேண்டும், விசிறியை எந்தப் பக்கமாக நெருங்கவேண்டும், அத்தனையும் வரிசை பிசகாமல் வந்தது. உதடு தானாக அசைந்தது. அசைவது கௌதமன் உதடு மாதிரி எனக்கே பட்டது. வகுப்பில் இவ்வளவு சொல்லித்தரமாட்டார்களே, எங்கே படித்தீர்கள் என்று அவர் கேட்டார். பக்கத்திலிருந்து பார்த்ததுதான் சார் என்றேன். எதற்காகப் பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் ரயிலில், தங்கவயலிலேயே பாலகாட் பக்கம் குடியிருக்கும் கௌதமன் வழியில் ஏறினான். அவனுக்கு வழக்கம்போல நான் சீட்டில் துண்டு போட்டிருந்தேன். பொறாமை வேறு, சீட் வேறு. நான் தேறின சேதி அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சகல, ஒண்ணு சொல்லவா? நான் பாதி வேலைய அலட்சியமா செய்யற ஆளுதான். நீ டெய்லி அங்க நின்னுகினு என்னியே பாத்துகினு இருந்தே பாரு, அதனாலதான் ஒரு ஸ்டெப்பு வுடாம செஞ்சேன். இன்சார்ஜ் ஆனது உன்னாலதான்."

அவன் நன்றியோடுதான் சொன்னான், கிண்டலில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் இறங்கும் கிருஷ்ணராஜபுரம் வரும்வரை துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல நடித்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. யார் மேலாவது பொறாமை வந்தால் வெட்கப்படாதீர்கள். அவன் பக்கத்தில் போய் நின்று, எங்கே தவறுகிறான் என்று விடாமல் பாருங்கள். அவன் சரியாகச் செய்வதெல்லாம் உங்கள் தலையில் ஏறிவிடும், எந்த வகுப்பும் அப்படிச் சொல்லித்தராது. ஆனால் கொஞ்சம் மறைவாக நின்று பாருங்கள். நான் மறைந்து நிற்காத குற்றத்துக்குத்தான் அவன் இன்சார்ஜ் ஆனான்.